இரண்டு விரல் இடம்: பின்சீட்டு ஹெட்ரெஸ்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

கோவை அவிநாசி சாலையில் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்தது, நான் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவர் நிறுத்தவில்லை. பெரிய இடியெல்லாம் இல்லை. பம்பர் உள்வாங்கியது, டிக்கி கதவு கோணலானது, அவ்வளவுதான். முன்சீட்டில் இருந்த எனக்கும் மனைவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் இடப்பக்கம் இருந்த அத்தை அப்போதைக்கு, "எனக்கொண்ணுமில்ல கண்ணு, நீ வண்டியப் பாரு" என்றார். ராத்திரி கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் காலர் போட்டுக்கொண்டு நடந்தார்.

காப்பீட்டுக்காகப் படம் எடுக்கும்போதுதான் கவனித்தேன். அத்தை உட்கார்ந்திருந்த இடத்தில் ஹெட்ரெஸ்ட் அடிமட்டம்வரை அமுக்கப்பட்டிருந்தது. அமுக்கியது வேறு யாருமில்லை, நான்தான். கார் வாங்கிய முதல் வாரமே, மிரரில் பார்த்தால் பின்னால் வருவது தெரியவில்லை என்று மூன்றையும் அமுக்கிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பொருள் அங்கே இருப்பதே மறந்துபோனது. ஏற்றி வைத்திருந்தால் அத்தைக்கு வலியே வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டுபவனின் பார்வைக்காகப் பின்னால் இருப்பவரின் கழுத்தைக் கேட்காமலே விலைபேசியிருக்கிறேன் என்பது மட்டும் உறுத்தியது. அந்த உறுத்தலில் தோண்டிப் பார்த்ததுதான் இது.

முதலில் பெயரே தப்பு. நாம் ஹெட்ரெஸ்ட் என்கிறோம், தலை சாய்த்துத் தூங்குவதற்கானது போல. விதிப் புத்தகங்களில் அதன் பெயர் 'ஹெட் ரெஸ்ட்ரெயின்ட்', அதாவது தலையைத் தடுத்து நிறுத்துவது. பின்னாலிருந்து இடி விழும்போது சீட்டு முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடல் முன்னே, தலை பின்னே. நடுவில் மாட்டிய கழுத்து ஒரு கணம் ஆங்கில 'எஸ்' எழுத்து மாதிரி வளைகிறது. இடி விழுந்து பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் இந்த வளைவு வந்துவிடுகிறது. சுதாரிக்க நேரமே கிடையாது.

ஆக, தடுப்பு தலைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும், போதிய உயரத்திலும் இருக்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து சுமார் 9 செ.மீ. கீழே தலையின் எடைமையம் இருக்கிறது. ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு குறைந்தது அந்த உயரத்துக்காவது வர வேண்டும் என்பது அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் ஆய்வு மையத்தின் அளவு. அதற்குக் கீழே நின்றுவிட்டால் தலை அதன் மேலாகப் பின்னுக்குச் சாயும், ஹெட்ரெஸ்ட் நெம்புகோலுக்கு வைத்த முட்டுக்கல் மாதிரி ஆகிவிடும். அத்தையின் சீட்டில் அது கழுத்துக்குழிக்கு நேராக நின்றிருந்தது.

சரி, அப்படியென்றால் எப்போதும் ஏற்றியே வைத்துவிடலாமே? அதில் எவ்வளவு பார்வை போகிறது?

இதை யாரும் சொல்லக் கேட்டுப் பயனில்லை, காருக்குக் கார் மாறும். அத்தை மகனை டேப் பிடிக்கச் சொல்லி, வாசலில் சமதளமாகக் காரை நிறுத்தி அளந்தோம். சாதாரண ஹேட்ச்பேக். மிரரின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பின்சீட்டு ஹெட்ரெஸ்ட்வரை 170 செ.மீ. தூரம். அமுக்கி வைத்தால் ஹெட்ரெஸ்ட்டின் உச்சி 115 செ.மீ., முழுக்க ஏற்றினால் 124 செ.மீ. அகலம் 25.

உள் மிரர் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு ஐ.நா.வின் 46ஆம் எண் வாகன விதி ஓர் அளவு வைத்திருக்கிறது. ஓட்டுநரின் கண்ணிலிருந்து 60 மீட்டர் பின்னால் தொடங்கி தொடுவானம்வரை, 20 மீட்டர் அகலச் சாலை தெரிய வேண்டும். கேட்க ஏக்கர் கணக்கில் நிலம் மாதிரி இருக்கிறதல்லவா? பின்சீட்டுக்கு மேலே அது எவ்வளவு உயரத்துக்குள் அடங்குகிறது என்று கோடு இழுத்துப் பார்த்தேன். தொடுவானத்திலிருந்து வரும் ஒளி மட்டமாக 130 செ.மீ. உயரத்தில் ஹெட்ரெஸ்ட்டைத் தாண்டுகிறது. 60 மீட்டரில் இருக்கும் தார்ச்சாலையிலிருந்து வருவது அதே இடத்தை 126.3 செ.மீ. உயரத்தில் தாண்டுகிறது. வித்தியாசம் 3.7 செ.மீ. இரண்டு விரலைப் படுக்க வைத்த உயரம். நெடுஞ்சாலையில் நமக்குப் பின்னால் வருகிற அத்தனை தூரத்து வண்டிகளின் சக்கரமும் அந்த இரண்டு விரல் சந்துக்குள்தான் ஓடுகிறது.

என் காரில் முழுக்க ஏற்றிய ஹெட்ரெஸ்ட் 124இல் நின்றுவிடுகிறது. அதாவது அந்தச் சந்தைத் தொடவே இல்லை. தூரத்துச் சாலை அப்படியே தெரிகிறது. ஆனால் கிட்டத்தில் கதை வேறு. அமுக்கி வைத்தால் சுமார் 15 மீட்டருக்கு அப்பாலுள்ள தரை தெரியும், ஏற்றினால் 37 மீட்டருக்கு அப்பால்தான் தரை தெரியும். பத்து மீட்டர் பின்னால் ஒரு பைக் வருகிறது என்று வையுங்கள். ஏற்றிய நிலையில் அங்கே 95 செ.மீ. உயரம்வரை மறைந்துவிடுகிறது. ஓட்டுபவரின் ஹெல்மெட்டும் தோளும் தெரியும். பைக்கின் ஹெட்லைட் அநேகமாக 90 செ.மீ. பக்கம் இருப்பதால் அது ஒளிந்துகொள்ளும். இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்ததே, மற்றவர் கண்ணில் படட்டும் என்றுதானே? அந்த வெளிச்சத்தை என் காலி சீட்டின் ஹெட்ரெஸ்ட் விழுங்குகிறது. அமுக்கினால் மறைவது 42 செ.மீ.வரைதான். லைட் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஹெட்ரெஸ்ட் இன்னும் 5 செ.மீ. நீண்டதாக இருந்தால்? முதுகு சாய்ந்திருப்பதால் செங்குத்தில் நாலரை செ.மீ. கூடும். உச்சி 128.5க்கு வரும். இப்போது தரை தெரியத் தொடங்குவது 147 மீட்டரில்! நாலரை செ.மீ.க்கு 110 மீட்டர் சாலை போகிறது. விதிகளில் ஹெட்ரெஸ்ட்டின் உயரத்தை உட்காருபவரின் இடுப்பிலிருந்து அளந்து, முன்சீட்டுக்கு 800 மி.மீ. கேட்டுவிட்டு, பின்சீட்டில் ஹெட்ரெஸ்ட் வைத்தால் 750 போதும், பின்சீட்டின் நடுவில் 700 போதும் என்று படிப்படியாக இறங்குவதைப் பார்த்து முன்பு எனக்குக் கோபம் வரும். பின்னால் உட்காருபவனுக்கு என்ன குட்டைக் கழுத்தா என்று. டேப் பிடித்த பிறகு அந்த 50 மி.மீ.யின் விலை புரிந்தது.

விதிகளைப் புரட்டும்போது அகப்பட்ட ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். அதே 46ஆம் விதி, சன்வைசர், வைப்பர், கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி, மேலே உள்ள பிரேக் லைட் எல்லாம் சேர்ந்து உள் மிரரின் பார்வையில் 15 விழுக்காட்டுக்கு மேல் மறைக்கக் கூடாது என்கிறது. மெல்லிய கம்பிக்குக்கூடக் கணக்கு. அடுத்த வரியிலேயே, ஹெட்ரெஸ்ட்டும் பின்கண்ணாடியின் சட்டமும் இந்தக் கணக்கில் வராது என்று விலக்கு. அமெரிக்காவின் மிரர் விதியும் அதே மாதிரிதான்: உட்கார்ந்திருக்கும் ஆட்களோ ஹெட்ரெஸ்ட்டோ பார்வையை ஓரளவு மறைத்தால் பரவாயில்லை. கழுத்துக்கான விதியும் கண்ணுக்கான விதியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு ஒன்றையொன்று பார்த்துப் பேசாமல் இருக்கின்றன. இடையில் மாட்டுவது சீட்டை வடிவமைப்பவர்.

ஒரு முறை இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. அதுதான் இந்த விஷயத்தில் பாடம் போலப் படிக்க வேண்டிய நிகழ்வு.

அமெரிக்காவில் 1969 ஜனவரி 1 முதல் கார்களின் முன்சீட்டு ஓர இருக்கைகளுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயம். பின்சீட்டைப் பற்றி அந்த விதி வாயே திறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2001 ஜனவரியில், நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ விதியைத் திருத்தப் புறப்பட்டது. முன்சீட்டில் உயரத்தைக் கூட்டுவதோடு, பின்சீட்டின் இரண்டு ஓரங்களிலும் ஹெட்ரெஸ்ட்டைக் கட்டாயமாக்குவதும் அந்த முன்மொழிவில் இருந்தது. அவர்கள் கையில் இருந்த கணக்கு இது: பின்னாலிருந்து இடிபடும் விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 2,72,000 கழுத்துக் காயங்கள். அதில் பின்சீட்டு ஓரங்களில் இருந்தவர்களுக்கு நேர்ந்தவை ஏறத்தாழ 21,000. அதாவது நூற்றுக்கு எட்டு. பின்னால் கழுத்து பத்திரம் என்று இதற்குப் பொருளில்லை. அங்கே உட்காருபவர்கள் குறைவு, உட்காருபவர்களிலும் குழந்தைகள் நிறைய.

2004 டிசம்பரில் இறுதி விதி வந்தபோது பின்சீட்டுக் கட்டாயம் காணாமல் போயிருந்தது. செலவுக்கேற்ற பலன் இல்லை, சீட்டை மடித்துச் சாமான் ஏற்றும் வசதி கெடும், ஓட்டுநரின் பின்பார்வை மறையும் என்பவை காரணங்கள். அதற்குப் பதிலாக ஒரு நடுவழி: வைப்பதும் வைக்காததும் தயாரிப்பாளரின் விருப்பம், ஆனால் வைத்தால் 750 மி.மீ. உயரமாவது இருந்தாக வேண்டும்.

கோழைத்தனமான முடிவு என்று பலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அந்த விதியின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒரு சின்னப் பகுதி, முழு விதியையும்விடப் புத்திசாலித்தனமானது. ஹெட்ரெஸ்ட்டைப் பயன்படாத நிலையில் இறக்கி வைக்கலாம், ஆனால் அப்படி இறக்கியிருப்பது உட்காருபவருக்கு உறைக்க வேண்டும் என்கிறது அது. எப்படி? 60 டிகிரிக்குக் குறையாமல் மடிந்து கிடந்தால் சரி. அல்லது உட்காருபவரின் முதுகை 10 டிகிரியாவது முன்னுக்குத் தள்ளினால் சரி. அல்லது ஆள் உட்கார்ந்ததும் தானே எழுந்து நின்றால் சரி. உட்காருபவருக்கு எவ்வளவு இடைஞ்சலாக இருந்தால் போதும் என்பதற்குப் பின்னாளில் தனியாக ஓர் அளவுகோலே சேர்த்தார்கள். பயணியை வேண்டுமென்றே அசௌகரியப்படுத்தச் சொல்லும் பாதுகாப்பு விதி வேறு எங்காவது உண்டா தெரியவில்லை!

இங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. சீட்டில் ஆள் இருந்தால் அவர் தலையே மிரரை மறைக்கிறது, ஹெட்ரெஸ்ட் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பார்வைக்குப் புதிதாக நஷ்டமே இல்லை. ஹெட்ரெஸ்ட் மட்டும் தனியாகப் பார்வையை மறைப்பது சீட்டு காலியாக இருக்கும்போது. அப்போது அதற்கு வேலையே இல்லை. ஆகக் கழுத்தும் கண்ணும் ஒரே நேரத்தில் சண்டை போடுவதே கிடையாது. உயரம் எவ்வளவு என்பதைவிட, ஆள் ஏறியதும் அதை ஏற்றுவது யார், இறங்கியதும் இறக்குவது யார் என்பதே கேள்வி.

இறக்கும் பொறுப்பை ஓட்டுநரிடம் கொடுத்தது மெர்சிடிஸ். 1980களின் டபிள்யூ124 காரில் நடுக் கன்சோலில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வெற்றிடக் குழாய் கொக்கியை விடுவிக்க, பின்னால் இரண்டு ஹெட்ரெஸ்ட்டும் தொப்பென்று பின்பக்கமாகச் சாயும். ஓட்டுநர் இறக்கலாம், ஏற்ற முடியாது. பயணிதான் கையால் தூக்கி நிமிர்த்த வேண்டும். அழகான கருவிதான். ஆனால் பின்னுக்குச் சாய்ந்த ஹெட்ரெஸ்ட் உட்காருபவருக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை, தூக்க வேண்டும் என்று அவருக்கு நினைவு வர வழியுமில்லை. இப்போதைய வால்வோ எக்ஸ்சி90 போன்றவற்றில் திரையைத் தொட்டால் ஓர ஹெட்ரெஸ்ட்கள் முன்பக்கமாக மடிகின்றன. மடிந்த திசை மாறியதுதான் முன்னேற்றம். முன்னால் குப்புறக் கிடக்கும் ஹெட்ரெஸ்ட்டோடு யாராலும் உட்கார முடியாது, தூக்கித்தான் ஆக வேண்டும்.

அதே வால்வோ பழைய 240 காரில் வேறொரு வழி பிடித்தது. ஹெட்ரெஸ்ட்டின் நடுவைத் திறந்துவிட்டு, ஜன்னல் சட்டம் மாதிரி செய்தது. இதில் ஒரு கண் தந்திரம் இருக்கிறது. நம் இரண்டு கண்ணுக்கும் இடையே சுமார் ஆறரை செ.மீ. இடைவெளி. அதைவிட ஒல்லியான பட்டை எதுவும் தூரத்துப் பொருளை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மறைக்க முடியாது. ஒரு கண்ணுக்கு மறைவது இன்னொரு கண்ணுக்குத் தெரியும். என் காரின் 25 செ.மீ. கட்டி, பத்து மீட்டர் பின்னால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே 90 செ.மீ. அகலத்தை மறைக்கிறது. பைக் அகலத்துக்குக் கச்சிதம். அதே அகலத்தை ஐந்து செ.மீ. பட்டைகளாகப் பிரித்து நடுவில் சந்து விட்டால் மறைவிடம் கரைந்துபோகும். பஞ்சு மெத்தை மாதிரி இருந்தால்தான் சொகுசு என்று வாங்குபவர்கள் நினைப்பதால் இந்த வழி தேய்ந்துவிட்டது என்பது என் சந்தேகம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மோட்டாரும் வயரும் இல்லாத ஒன்று. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்த 'எல்' மாதிரி இருக்கும் ஹெட்ரெஸ்ட். இறக்கினால் அது முதுகுச்சாய்வின் தலைமேல் தொப்பி போலக் கவிழ்ந்து, முன்பக்கம் ஒரு மேடாகத் தொங்கும். கண்ணாடி வழியே பார்வைக்கு இடைஞ்சலே இல்லை. ஆனால் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே அந்த மேடு நெருடும். இரண்டு நிமிடத்தில் கை தானாகப் பின்னால் போய் அதை மேலே தூக்கிவிடும். அறிவிப்பு ஸ்டிக்கர் தேவையில்லை, படிக்கத் தெரிய வேண்டியதில்லை. முதுகே விதிப் புத்தகம். என் காரில் இருப்பது இந்த வகை இல்லை. என்னுடையது இறக்கினால் முதுகுச்சாய்வோடு ஒட்டி மெத்தென்று உட்கார்ந்துகொள்ளும் சாதாரணக் கட்டி. அதனால்தான் அத்தைக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்சிஏபி அமைப்பு 2014 முதல் பின்சீட்டு ஹெட்ரெஸ்ட்டின் உயரத்தையும் தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் அளந்து மதிப்பெண் தரத் தொடங்கியது. விதி கட்டாயப்படுத்தாததை நட்சத்திரம் செய்ய வைக்கிறது. நம் ஊரில் இது இன்னும் வேரியன்ட் சமாசாரம். மேல் வேரியன்ட்டில் மூன்று, கீழ் வேரியன்ட்டில் சீட்டோடு சேர்த்துத் தைத்த ஒரு சின்னக் கூம்பு. அந்தக் கூம்பு பார்வைக்கும் நல்லதில்லை, கழுத்துக்கும் எட்டாது. ஹெட்ரெஸ்ட்டைப் பற்றி நம்மிடையே அதிகம் சுற்றுவது, தண்ணீரில் கார் மூழ்கினால் அதைக் கழற்றிக் கண்ணாடியை உடைக்கலாம், அதற்காகவே கழற்றும்படி செய்திருக்கிறார்கள் என்கிற வாட்ஸ்அப் செய்திதான். கழற்றும்படி செய்தது சீட்டை மடிக்கவும், குழந்தை சீட் பின்னால் ஒட்டி உட்காரவும்.

இப்போது சிலர் சிக்கலையே கழற்றி எறியப் பார்க்கிறார்கள். 2016 மாடல் கேடிலாக் சிடி6இல் மிரருக்குப் பதில் பின் கேமரா படத்தைக் காட்டும் திரை வந்தது. கேமரா ஹெட்ரெஸ்ட்டுக்கு வெளியே இருப்பதால் எதை ஏற்றினாலும் கவலையில்லை. போல்ஸ்டார் 4 ஒரு படி மேலே போய்ப் பின்கண்ணாடியையே எடுத்துவிட்டது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல். மிரரில் பார்க்கும்போது கண் தூரத்தில்தான் நிலைக்கிறது. திரையில் பார்த்தால் அரை மீட்டரில் நிலைக்க வேண்டும். நாற்பத்தைந்து தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு, சாலையிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து சாலைக்கும் கண்ணை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

என் காருக்கு நான் செய்தது எளிது. நடு ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். மிரரின் நட்டநடுவில் நிற்பது அதுதான், அந்த இடத்தில் யாரும் உட்காருவதும் அபூர்வம். மூன்றாவது ஆள் வந்தால் மாட்டிக்கொள்வோம். ஓரத்தில் இருக்கும் இரண்டும் நான் தனியாகப் போகும்போது இறங்கியிருக்கும். யாராவது ஏறினால் பெல்ட் போடச் சொல்லும் கையோடு ஏற்றிவிடுகிறேன். மறந்தால் அத்தை விடுவதில்லை.

போன மாதம் நண்பர் ஒருவர் 'எல்' வடிவ ஹெட்ரெஸ்ட் உள்ள கார் வாங்கினார். அதன் அருமையை அவருக்கு விளக்கிக் காட்டலாம் என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஹெட்ரெஸ்ட் இறங்கித்தான் இருந்தது, ஆனால் முதுகில் எதுவும் நெருடவில்லை. மெத்தென்று இருந்தது. புது சீட் கவர். கவர் போட்ட கடை பக்கத்துத் தெருவில்தான், போய்க் கேட்டோம். தையல் மெஷினை நிறுத்தாமலே கடைக்காரர் சொன்னார்:

"ஏனுங்கண்ணா, அது முதுகுல குத்துதுன்னு எல்லாருமே சொல்றாங்க. கம்பெனிக்காரன் சரியாப் பண்ணலீங்க. அதுக்குக் கீழ பஞ்சு வெச்சு ஏத்தி, மேல கவரோட சேத்துச் சமமாத் தெச்சுக் குடுத்துட்டனுங்க. இனி அசையாதுங்க."